கிழத் திமிங்கலமும் ஹெச்.எம்.ஜி. ஊசியும்: சேலத்தில் சில நாட்கள்

முதல் நாள், திங்கள்

நேற்றுச் சாயங்காலம் எங்கள் ஊர் மணப்பாட்டில் அலையில் கால் நனைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம். திருச்செந்தூர், மதுரை, அங்கே பஸ் மாறி திண்டுக்கல், கரூர், நாமக்கல். சேலம் புதிய பஸ் நிலையத்தில் இறங்கும்போது விடியக் கருக்கல். மதினி ஆட்டோவோடு வந்து நின்றார். அஸ்தம்பட்டியில் வீடு. வந்ததும் மகளைப் படுக்கச் சொல்லிவிட்டு என் கையில் காப்பியைக் கொடுத்தார். பேச்சு அப்புறம்தான்.

ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மகளுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சை. கல்யாணமாகி ஆறு வருஷம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. போன லீவில் வந்தபோதே விந்தணுவைக் கொடுத்து உறைய வைத்து, போட வேண்டிய கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டுப் போனார். ஏற்கெனவே வேறொரு ஊரில் ஒரு தடவை செய்து பார்த்தோம், நிற்கவில்லை. ஏன் என்று கேட்டோம். எங்களை உட்கார வைத்துப் பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அந்தக் காயம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தடவை மதினி ஊர்.

மகளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்கம்மா" என்றாள். நாங்கள் கோவிலுக்குப் போகிற குடும்பம். கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சிகிச்சையை ஏற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவளும் நானும் பேசி, அழுது, முடிவெடுத்து ஒரு வருஷமாகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பையில் இரண்டு ஃபைல். ஒன்று அவளுடைய ரிப்போர்ட்டுகள். இன்னொன்று என்னுடையது, முழுக்கத் திமிங்கலம். காரணம் சொல்கிறேன்.

2016 ஜனவரி 11 சாயங்காலம் எங்கள் கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. மறுநாள் விடிந்தபோது மணப்பாட்டிலிருந்து ஆலந்தலைப் பக்கம் வரை மணலில் கறுப்பு கறுப்பாகக் கிடந்தன. குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலம் என்கிற இனம். நான் விலங்கியல் வாத்தியாரம்மா. அதுவரை அந்த இனத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கிட்டே போய் உட்கார்ந்தேன். உருண்டையான தலை. உச்சியில் மூச்சுத் துளை திறந்து மூடும்போதெல்லாம் வெந்நீர் ஆவி மாதிரி முகத்தில் அடித்தது. விசில் போல ஒரு சத்தம், ஒன்று கொடுத்தால் தள்ளிக் கிடக்கிற இன்னொன்று கொடுத்தது. நம் ஆட்கள் வள்ளத்தில் கயிறு கட்டி ஒவ்வொன்றாக ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. கரையில் கிடக்கிற தன் கூட்டத்தை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனசில்லை. கடைசியில் கடற்கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா தோளில் தூக்கிப்போய்க் காட்டினார். இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அதிலிருந்து அந்த இனத்தைப் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்கிறேன்.

இரண்டாம் நாள், செவ்வாய்

காலையில் ஸ்கேன். சினைப்பையில் கட்டி எதுவும் இல்லை, இன்றே ஊசியைத் தொடங்கலாம் என்றார் டாக்டர். நாங்கள் கேட்ட ஏழு கேள்விக்கும் பதில் சொன்னார். மகள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

தினமும் இரண்டு குப்பி. பொடியாக இருக்கும், கூட வருகிற திரவத்தில் கரைத்துத் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். நர்ஸ் பெண் காட்டிக்கொடுத்தாள். என் வீட்டுக்காரருக்குக் கடைசிப் பத்து வருஷம் இன்சுலின் போட்ட கை இது, நடுங்கவில்லை. திரவம் பட்டதும் பொடி கண்ணெதிரே காணாமல் போகிறது. குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து டப்பாவை வாசித்தேன். ஹெச்.எம்.ஜி. விரித்தால் ஹியூமன் மெனோபாசல் கோனாடோட்ரோபின். நடுவில் இருக்கிற சொல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மெனோபாஸ். மாதவிடாய் நின்று போனவர்களின் சொல். என் சொல்.

மூளையின் அடியில் பயறு அளவு பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அது எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி, முட்டையை வளர்க்கச் சொல்லி சினைப்பையை ஏவுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, 'கேட்டுவிட்டது, போதும்' என்று பதில் அனுப்புகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பதில் வருவதில்லை. பிட்யூட்டரியோ விடுவதில்லை, முன்னைவிடப் பல மடங்கு சத்தமாகக் கூப்பிடுகிறது. அவ்வளவு ஹார்மோனும் சிறுநீரில் வெளியே போகிறது.

அதைப் பிரித்தெடுக்கலாம் என்று 1949-இல் காட்டியவர் ரோமில் செரோனோ நிறுவனத்தில் இருந்த பியெரோ டோனினி. கருத்தரிக்க முடியாத பெண்களுக்கு அது உதவும் என்று பிடிவாதமாக நின்றவர் புருனோ லூனென்ஃபெல்ட் என்ற மருத்துவர். ஆனால் மருந்து செய்ய ஏராளமான சிறுநீர் வேண்டும். கொடுப்பவர்களில் ஒருவர்கூடக் கர்ப்பிணியாக இருந்துவிடக் கூடாது. எங்கே போவது? இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகள் வாழும் மடங்களுக்குப் போனார்கள். அந்தச் சகோதரிகள் கொடுத்தார்கள். அப்படி வந்த மருந்தால் 1962-இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இதே வகை ஊசியைப் போட்டுத்தான் முட்டை எடுத்து, கருவை உறைய வைத்து, 1978 அக்டோபர் 3-இல் துர்கா என்ற குழந்தை பிறக்கச் செய்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. அவரை நம்பாமல் விசாரணைக் குழு வைத்து அவமானப்படுத்தினார்கள். 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்றைக்கும் எனக்கு இதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இன்னும் இந்த ஊசியில் ஒரு பகுதி என் வயதுப் பெண்களின் சிறுநீரிலிருந்துதான் வருகிறது. முப்பது வருஷமாக 'மனித இனப்பெருக்கம்' பாடம் எடுக்கிறேன். மாதவிடாய் நிறைவு வந்ததும் நாலு வரியைப் படித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். முடிந்துபோன விஷயத்தில் சொல்ல என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

நான்காம் நாள், வியாழன்

"ரெண்டு நாள் மலைக்குப் போயிட்டு வாங்க, இந்த வெயில்ல என்ன செய்வீங்க" என்று மதினிதான் விரட்டினார். முட்டைகள் இன்னும் பெரிதாகவில்லை, இப்போதே போய் வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஊசி டப்பாவை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினோம்.

ஊரைத் தாண்டும்போதே மாக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேடுகள் தெரிந்தன. தூரத்தில் பார்த்த மகள் உப்பளம் என்றே நினைத்துவிட்டாள். தூத்துக்குடிக் கண்ணுக்கு வெள்ளையாகக் குவிந்தால் உப்பு. அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை, அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவதற்கு மேல் காற்று மாறியது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி.

ஏரிக்கரையில் நடந்தபோது எதிரே இரண்டு வயதான சிஸ்டர்கள். ஒருவர் குடையை ஊன்றுகோலாக வைத்திருந்தார். இந்த மலையில் மடங்களும் பள்ளிகளும் நிறைய. "எங்கேயிருந்து வாரீங்க?" என்று நின்று கேட்டார்கள். மணப்பாடு என்றதும், "சிலுவைக் கோவில் ஊரா!" என்று மகள் நெற்றியில் சிலுவை வரைந்தார் ஒருவர். இத்தாலிய மடத்துக் கதையை மகளுக்கு முந்தாநாள்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் போன பிறகும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு லாட்ஜ் அறையில் ஊசி. மலைக் குளிரில் அவள் வயிறு சிலிர்த்திருந்தது. இரண்டு விரலால் சதையைப் பிடித்து, ஊசியை இறக்கி, பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்தேன். "அம்மா, உங்க திமிங்கலத்துக்கும் நின்னு போகுமா?" என்று கேட்டாள்.

என் ஃபைலின் அடியில் இருக்கிற விஷயமே அதுதான். நின்று போகும். நம் கரையில் ஒதுங்கிய அதே இனத்தில்தான் அதை உறுதியாகக் கண்டார்கள். ஜப்பானின் தாய்ஜி போன்ற ஊர்களில் படகுகளிலிருந்து கம்பியை நீருக்குள் விட்டுத் தட்டி, அந்தச் சத்தத்தால் கூட்டத்தையே விரட்டி வளைகுடாவில் அடைத்துக் கொல்வார்கள். அப்படிக் கொன்ற பைலட் திமிங்கலங்களை டோஷியோ கசுயா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் ஆஸ்திரேலியாவின் ஹெலன் மார்ஷும் அறுத்துப் பார்த்தார்கள். பல்லை வெட்டினால் மரத்து வளையம் மாதிரி வருஷ அடுக்கு தெரியும், அதில் வயது. சினைப்பையை வெட்டினால் தழும்பு. ஒவ்வொரு முட்டை வெளியேறிய இடத்திலும் மஞ்சள் திசு உருவாகிச் சுருங்கி வெள்ளைத் தழும்பாகும். மனுஷிக்கு அது கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும். திமிங்கலத்துக்கு ஆயுசுக்கும் இருக்கும். எத்தனை முட்டை விட்டது என்று எண்ணிவிடலாம்.

1984-இல் எழுதினார்கள். 36 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் வயிற்றிலும் கரு இல்லை. ஆனால் 60-ஐத் தாண்டியும் வாழ்ந்த பெண்கள் இருந்தன. பேறு நின்ற சிலவற்றுக்குப் பால்கூட இன்னும் சுரந்துகொண்டிருந்தது.

"அதைத் தெரிஞ்சுக்கக் கொல்லணுமாம்மா?" என்றாள். தெரிந்துகொள்வதற்காகக் கொல்லவில்லை, இறைச்சிக்காகக் கொன்றதை இவர்கள் ஆராய்ந்தார்கள் என்றேன். சொல்லும்போதே அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கூட்டமாகப் பிடிபட்டதால்தான் குட்டி முதல் கிழவி வரை ஒரே குடும்பம் அப்படியே மேசைக்கு வந்தது. அந்த அறிவின் விலை ஒரு முழுக் குடும்பம். அந்த வேட்டை இன்னும் நிற்கவுமில்லை. 1982-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் முடிவெடுத்து 1986-இல் நடைமுறைக்கு வந்த தடை, வணிகத்துக்காகப் பெரிய திமிங்கலங்களைப் பிடிப்பதற்கு. பைலட் போன்ற சின்ன இனங்கள் அதற்குள் வரவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

சேர்வராயன் கோவில். மலையின் உச்சியில் பரந்த மொட்டை வெளி, கோவிலோ குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும். மகள் வெளியே காற்றில் நின்றாள். நான் குனிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருட்டு, ஈரம், எண்ணெய் வாசனை. கும்பிட வந்த ஒரு மலைவாழ் பாட்டி பேத்தியை இடுப்பில் வைத்திருந்தார். குழந்தையின் தாய் பின்னால் சும்மா கைவீசி நடந்து வந்தாள்.

இன்னொரு இனத்தையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனைத் தின்று வாழும் ஓர்கா என்கிற திமிங்கலக் கூட்டங்கள். 1970-களிலிருந்து முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் முதுகு அடையாளத்தையும் போட்டோ எடுத்து, எது யார் மகள், எது யார் பேத்தி என்று எழுதி வருகிறார்கள். ஒன்றையும் அறுக்கவில்லை. பொறுமைதான் முதலீடு. பேறு நின்ற கிழவிகள் கூட்டத்துக்கு முன்னால் நீந்துகின்றன, மீன் குறைந்த வருஷங்களில் இன்னும் அதிகமாக. பாட்டி செத்தால், அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பேரக்குட்டி சாகும் வாய்ப்பு 4.5 மடங்கு கூடுகிறது என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மீன் எங்கே கிடைக்கும் என்பது பாட்டியின் தலையில்தான் இருக்கிறது.

பல்லுள்ள திமிங்கலங்களில் ஐந்து இனங்களுக்கு மாதவிடாய் நிறைவு போன்ற நிலை உண்டு. பைலட், ஓர்கா, பெலுகா, நார்வால், பொய் ஓர்கா. அந்தப் பெண்கள் மற்ற இனங்களைவிடச் சீக்கிரம் பேற்றை நிறுத்திக்கொள்ளவில்லை. அதே அளவு உடம்புள்ள மற்ற இனத்துப் பெண்களைவிட ஏறக்குறைய 40 வருஷம் கூடுதலாக வாழ்கின்றன என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நமக்கும் அப்படித்தான். நிற்பது இயற்கையின் தவறு இல்லை, அதற்குப் பிறகான வாழ்வு இயற்கை சேர்த்துக் கொடுத்தது.

2016-இல் எனக்கு நாள் தப்ப ஆரம்பித்தது. அந்த வருஷம் கடற்கரையில் மிகப் பெரிதாகக் கிடந்ததைப் பார்த்து, இதுதான் கூட்டத்தின் கிழவி என்று மகளிடம் சொன்னேன். தப்பு. அந்த இனத்தில் ஆண்தான் பெரிது. கிழவி நடுத்தர உருவமாக, யார் கண்ணிலும் தனியாகப் படாமல், எங்கேயோ மற்றவற்றுக்கு நடுவில் கிடந்திருக்கும். அதை இன்று பஸ்ஸில் இறங்கும்போது மகளிடம் திருத்திச் சொன்னேன்.

எட்டாம் நாள், திங்கள்

மறுபடி சேலம் வெயில். ஸ்கேனில் முட்டைப் பைகள் இரண்டு பக்கமும் கறுப்புத் திராட்சை மாதிரி. டாக்டர் ஒவ்வொன்றையும் அளந்து, மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள்.

இந்த ஸ்கேனும் ஒலிதான். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய எதிரொலிக் கருவி, போர் முடிந்ததும் திமிங்கல வேட்டைக் கப்பல்களுக்குப் போனது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்து 1958-இல் எழுதினார். ஒலி ஒன்றுதான், பிடித்திருக்கும் கை வேறு.

எழுதிக்கொண்டிருந்த நர்ஸைப் பார்த்ததும் இன்னொரு நோட்டு ஞாபகம் வந்தது. நார்வேயின் சாண்டிஃபியோர்டில் திமிங்கல வேட்டைக்கென்றே ஒரு புள்ளிவிவர அலுவலகம் இருந்தது. கொன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: இனம், நீளம், ஆணா பெண்ணா. அடுத்த கட்டம், வயிற்றில் சிசு இருந்தால் அதன் நீளம். 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றார்கள். அந்த நூற்றாண்டு முழுவதும் எல்லா இனமும் சேர்த்து 29 லட்சத்துக்கு அருகே. 1931-இல் ஒப்பந்தம் போட்டுக் குட்டியோடு இருக்கும் தாயைக் கொல்லத் தடை கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியைத் தூரத்திலிருந்து யார் கண்டார்கள்? நீலத் திமிங்கலம் ஏறத்தாழ ஒரு வருஷம் சுமக்கிறது, பிறக்கும்போதே குட்டி ஏழு மீட்டர் என்றெல்லாம் நான் வகுப்பில் சொல்வேன். அந்தச் சிசு நீளங்களை மாதவாரியாக அடுக்கித்தான் சுமக்கும் காலத்தைக் கணக்கிட்டார்கள்.

இன்று அப்படி இல்லை. 2017-இல் வந்த ஆய்வில், ஓர்காவின் மிதக்கும் சாணத்தை மோப்ப நாயை வைத்துத் தேடி எடுத்து, அதிலிருக்கும் புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களின் அளவை வைத்தே கர்ப்பத்தைக் கண்டார்கள். தெரிய வந்த கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை நிற்காமல் போயிருக்கிறது, முக்கியக் காரணம் சால்மன் பஞ்சம். இதை வாசித்துக் காட்டியபோது மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதுங்களுக்காவது ஏன்னு யாரோ தேடிப் போயிருக்காங்க" என்றாள்.

சாயங்காலம் நானே கட்டாயப்படுத்தி வெளியே கூட்டிப் போனேன். தள்ளுவண்டியில் தட்டுவடை செட். "அக்கா, காரம் தூக்கலாப் போடட்டுங்களா?" இரண்டு தட்டுவடைக்கு நடுவில் இரண்டு நிறச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் கொட்டும். நாலு நாளுக்குப் பிறகு அவள் ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன். மூன்று செட்.

பதிமூன்றாம் நாள், சனி

வியாழன் இரவு ஒன்பதரைக்குக் கடைசி ஊசி. நேரம் பிசகக் கூடாது, அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து முட்டையை எடுக்க வேண்டும். இன்று காலை ஒன்பதுக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். மதினியின் செபமாலையும் நானும் வாசலில் உட்கார்ந்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் கை அவ்வளவு வேகமாக அதை உருட்டிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து, "பதினொன்று" என்றாள்.

ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பையில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அதில் 10, 20 லட்சம்தான் மிச்சம். புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை என்றுதான் நாங்கள் படித்ததும் படிப்பிப்பதும். 1994 ஆடி மாதம் நான் ஐந்து மாதம். மணப்பாட்டில் காற்று மணலை வாரி அடிக்கும், நடந்துதான் பள்ளிக்கூடம் போவேன். இன்று எடுத்த பதினொன்றும் அன்று என் வயிற்றுக்குள் என்னோடு நடந்தவை.

மயக்கம் தெளிந்து, "எத்தனம்மா?" என்றாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே என் கையைத் தேடிப் பிடித்தாள்.

உடைத்த குப்பிகளையும் ஊசிகளையும் போட்டு வைத்த டப்பாவை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன். ஊசி முனை இல்லாத ஒரு காலிக் குப்பியை மட்டும், லேபிள் கிழியாததாகப் பார்த்து, கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுத்து, நடுவில் இருக்கிற சொல்லை வாசிக்கச் சொல்ல வேண்டும்.

எத்தனை கருவாகியிருக்கிறது என்று நாளைக் காலை லேப்பிலிருந்து போன் வரும். மதினி இப்போதே போனை சார்ஜில் போட்டுவிட்டார்.